சிரிக்கக் கூடாத கண்

கண்ணில் புரை விழுந்து ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் என்னிடம் வந்து வலிக்குமா என்று கேட்கிறார்கள். வலி எனக்கு அவ்வளவாக நினைவில்லை. படிக்க என்ன புத்தகம் கொண்டுபோகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். கண்ணைக் கட்டிப் போட்ட பிறகு புத்தகம் எதற்கு என்று சிரிக்கிறார்கள். நானும் போகும்போது அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

திருத்தணி சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் நான் ரேகை குமாஸ்தா. பத்திரம் எழுதிக் கொடுக்கிறவரின் இடது கைப் பெருவிரலில் மை தடவி, அதற்கென்று இருக்கும் பெரிய புத்தகத்தில் உருட்டி எடுப்பது என் வேலை. விரலை அவர்களாக வைக்க விடக் கூடாது. வைத்தால் அழுத்திவிடுவார்கள், மை அப்பிக்கொண்டு கோடே தெரியாது. "கையைத் தளர்த்தி விடுங்க, அது உங்க வெரலே இல்லன்னு நெனச்சிக்கிங்க" என்பேன். இருபத்திரண்டு வருஷம் இதே வார்த்தை. சர்க்கார் பாஷையில் இப்படி எடுக்கும் ரேகைக்கு 'இம்ப்ரெஷன்' என்று பெயர். இந்தச் சொல்லை மட்டும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த வினை பாதி இதனால் வந்தது, மீதி என் வாயால் வந்தது.

எனக்கு இருப்பது ஒரே கண். வலது கண்ணை ஆறு வயதில் அம்மை கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில், யுத்தம் முடிந்த வருஷம் சித்திரை மாதம், மலைக்கோயில் கோபுரம் பட்டப்பகலில் பனியில் நிற்பது போலத் தெரிந்தது. சித்திரை வெயிலில் ஏது பனி? நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ரேகைக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. ஒருநாள் நகரிப் பக்கத்து ரெட்டியார் ஒருவரிடம் இடது விரலுக்குப் பதில் வலது விரலை உருட்டி எடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தப்பு. அதிகாரி நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாலமன், கண்ணைச் சரி பண்ணிகினு வாங்க. உங்க நாற்காலிய வெச்சிருக்கேன். ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது" என்றார்.

ஊருக்குக் கிழக்கே இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துப் போனவள் என் மனைவி எஸ்தர். எனக்கு மாமன் மகள். தெலுங்குப் பக்கத்து வழக்கப்படி என்னை 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். சிரிக்கவே சிரிக்காத டீச்சர் என்று பிள்ளைகள் மத்தியில் அவளுக்குப் பெயர். எனக்கும் அவள் மேல் அதே அபிப்பிராயம்தான் இருந்தது.

டாக்டரம்மா வெள்ளைக்காரி. நெல்லூர்ப் பக்கம் பத்து வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர், அதனால் அவர் பேசும் தமிழில் முக்கால்வாசி தெலுங்கு. கண்ணுக்குள் ஒரு சின்ன வில்லை இருக்கிறது, அது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் வரைக்கும் வெளிச்சம் உள்ளே போகும், வயசானால் சிலருக்கு அது பால் மாதிரி வெளுத்துவிடும், அதுதான் புரை என்று விளக்கினார். வெளுத்த வில்லையை வெட்டி எடுத்துவிட்டு, அதன் வேலையைப் பார்க்க மூக்கின் மேல் தடிக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் புரை முழுக்க முத்தாமல் கத்தி வைக்கக் கூடாதாம். "இங்கா கொஞ்சம் பண்டாலி" என்றார். இன்னும் கொஞ்சம் பழுக்க வேண்டுமாம்.

அது பழுக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மாதத்துக்கு ஒரு தடவை போய் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். என் மாதிரிப் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து, உங்களுக்கு முத்திடுச்சா, எனக்கு இன்னும் இல்லை என்று பேசிக்கொண்டிருப்போம். நன்றாகக் குருடாகிவிட்டவனைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குள் நிஜமாகவே பயம் வந்தது. இன்னொரு கண் இருக்கிறவன் ஒன்றைப் பணயம் வைக்கலாம். நான் எதை வைப்பது? எஸ்தரிடம் ஒருநாள் வாய்விட்டே சொன்னேன். அவள் என் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். நான் ஓட்டை மாற்றிப் போட்டிருந்தேன் போலிருக்கிறது.

அந்தத் தாழ்வாரத்தில்தான் புத்தகம் கிடைத்தது. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிய யாரோ ஒரு பட்டாளத்து அதிகாரி, ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் புத்தகங்களை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எஸ்தர் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் படித்தாள். ஒன்றின் பெயர், தமிழில் சொல்வதானால், 'பாரிஸ் நகரத்து இம்ப்ரெஷனிஸ்டுகள்: ஓர் உண்மைச் சரித்திரம்.'

"இம்ப்ரெஷனிஸ்டுன்னா இன்னா பாவா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெஞ்சில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தாவின் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுவா, ரேகை நிபுணருங்க. எங்க டிபார்ட்மெண்ட் விஷயம். பாரிஸ்லதான் இதுல பெரிய பெரிய ஆளுங்க இருந்தாங்க" என்றேன். எஸ்தர் புத்தகத்தை மரியாதையாக முந்தானையால் துடைத்து, சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போது படித்துக் காட்டினால் எனக்கு வேலை ஞாபகமாக இருக்கும் என்பது அவள் எண்ணம்.

மறுவருஷம் ஆடி மாதம் புரை முத்தியது. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். எந்த இடத்தில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பேனா காகிதத்தை விட்டு மேஜையில் ஓடியது. சிஸ்டர் மைப்பெட்டி கொண்டுவந்து என் பெருவிரலைப் பிடித்து அழுத்தினாள். இப்படி அழுத்தினால் கோடு தெரியாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆயிரக்கணக்கான பேருடைய விரலை உருட்டியவன், முதல் தடவையாக என் விரலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று சிஸ்டர் அதட்டினாள்.

ஆபரேஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணில் கொக்கேன் சொட்டு விட்டார்கள். கண் மரத்துப்போகிறது, ஆனால் நாம் விழித்தேதான் இருக்கிறோம். பளபளவென்று ஒன்று கிட்டே வருவது தெரிந்தது. பிறகு பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்குகிற மாதிரி ஒரு உணர்ச்சி. சட்டென்று ஒரு கணம் நீலமாக ஒரு வெளிச்சம் வந்தது. அது ஜன்னலா, டாக்டரம்மாவின் அங்கியா, தெரியாது. பார்த்து முடிப்பதற்குள் கட்டுப் போட்டுவிட்டார்கள். இரண்டு கண்ணுக்கும் கட்டு. செத்துப்போன கண்ணுக்கு எதற்கு என்று கேட்டேன். ஒன்று அசைந்தால் மற்றதும் கூடவே அசையும் என்றார்கள். நாற்பது வருஷமாக வேலை செய்யாத கண்ணுக்கு அன்றைக்குத்தான் ஒரு மதிப்பு வந்தது.

தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்கள். பன்னிரண்டு நாள் மல்லாந்தே கிடக்க வேண்டும். வெட்டின இடத்தில் தையல் கிடையாது, தானாகவே கூட வேண்டும், அதுவரை உள்ளே துளி அழுத்தம் ஏறினாலும் ரத்தம் கசிந்து கண் போய்விடும். இருமக் கூடாது, தும்மக் கூடாது, முக்கக் கூடாது, மெல்லக் கூடாது. டாக்டரம்மா விரல் விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் என் தோளைத் தொட்டு, "நவ்வகூடது, சாலமன்" என்றார். தெலுங்கில் சிரிக்கக் கூடாது என்று அர்த்தம். எனக்கு இங்கே சிரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம், கஞ்சியை மூக்கு வைத்த கிண்ணத்தால் என் வாயில் ஊற்றிவிட்டு, எஸ்தர் புத்தகத்தைப் பிரித்து இங்கிலீஷில் படிக்க ஆரம்பித்தாள். முதல் இரண்டு பக்கத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இது ரேகையைப் பற்றியது இல்லை. பாரிசில் ஒரு காலத்தில் இருந்த சில ஓவியர்களைப் பற்றியது. வெளிச்சம் ஒரு நிமிஷம் ஒரு பொருளின் மேல் விழுந்து மனதில் பதிகிறதே, அந்தப் பதிவைத்தான் இவர்கள் இம்ப்ரெஷன் என்றார்கள். ஓரமே இல்லாமல், கோடே இல்லாமல், வெறும் நிறமாக வரைந்தார்கள். ஊர் அவர்களைப் பார்த்துச் சிரித்தது. எழுதினவனும் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் எழுதியிருந்தான். உண்மைச் சரித்திரம் என்று போட்டதே கேலிக்குத்தான்.

அந்த இடத்தில் எஸ்தர் நிறுத்தி, "ரேகை எப்போ வரும் பாவா?" என்று கேட்டாள்.

"வரும், வரும். மொதல்ல ஆளுங்கள அறிமுகம் பண்றான்" என்றேன்.

கட்டுக்குள்ளே இருந்துகொண்டு கூட என்னால் தப்பை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அப்படிப்பட்ட ஜென்மம் நான்.

பக்கத்துக் கட்டிலில் கனகம்மாசத்திரத்து முனுசாமி கால் புண்ணுக்காகப் படுத்திருந்தார். நிலமுள்ளவர், வாய் நீளமானவர். "டீச்சரம்மா, தொரைங்க பாஷையில படிச்சிகினு இருந்தா எங்களுக்கு இன்னா தெரியும்? தமிழ்ல சொல்றது" என்றார். அன்றிலிருந்து எஸ்தர் ஒவ்வொரு பக்கத்தையும் மனதுக்குள் படித்துவிட்டு, நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலத் தமிழில் சொன்னாள். வேதாகமக் கதை சொல்லும் அதே குரல். ஆபத்து அங்கேதான் இருந்தது.

புத்தகத்தில் ஆறு ஓவியர்கள் சேர்ந்து கண்காட்சி வைக்கிறார்கள். பார்க்க வந்த ஒரு கண் டாக்டர், வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து ஆறு ஓவியர்களையும் பரிசோதிக்கிறார். ஆறு பேருக்கும் பார்வை சரியில்லை, கண்ணாடி போட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார். அவர்களும் நம்பிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். பார்த்தால், மரத்தில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக இருக்கிறது. இவ்வளவு இலையை யார் வரைவது என்று மிரண்டுபோய், ஆறு பேரும் கண்ணாடியைக் கழற்றி ஆற்றில் போட்டுவிடுகிறார்கள்.

"பாவம். ரொம்பப் பயந்துட்டாங்க" என்றாள் எஸ்தர், நிஜமாகவே வருத்தப்பட்டு.

"இங்க ஒருத்தரு கண்ணாடிக்குத் தவம் கெடக்கறாரு, அவனுங்க ஆத்துல போட்டுட்டுப் போறானுங்க" என்றார் முனுசாமி.

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. பல்லைக் கடிக்கவும் கூடாது. என்ன செய்வது? ஸ்டாம்பு சட்டத்தின் அட்டவணையை முதலிலிருந்து மனதுக்குள் சொல்ல ஆரம்பித்தேன். ஒப்புகை, பிரமாணப் பத்திரம், உடன்படிக்கை. மூன்றாவது வரியில் சிரிப்பு செத்துவிட்டது. அந்தச் சட்டம் இவ்வளவு உபகாரமானது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இன்னொரு நாள், பனியை வரைய நின்ற ஓவியன் ஒருவன் அசையாமல் நின்று நின்று பனியால் மூடப்பட்டுவிடுகிறான். தூரத்தில் வந்த நண்பன் அவனைப் புதர் என்று நினைத்து வரைந்துவிடுகிறான். அந்தப் படத்துக்குத்தான் பரிசு. "குளுர்ல ஒடம்புக்கு ஏதாவது ஆகியிருக்கும்" என்று எஸ்தர் கவலைப்பட்டாள். நான் குத்தகைப் பத்திரம் வரை போய்த் திரும்பினேன்.

எஸ்தர் வகுப்புக்குப் போய்விட்ட நேரங்களில் நான் இருட்டில் கிடந்தேன். இருட்டு என்று சொல்வது கூடத் தப்பு. கட்டுக்குள்ளே நிறங்கள் வந்துகொண்டிருந்தன. ஆரஞ்சும் பச்சையுமாக ஏதோ மிதந்து போகும். அது ஆடிக் கிருத்திகைச் சமயம். ஜன்னல் வழியாக ஜனம் மலையேறும் சத்தம் வரும், அரோகரா என்ற குரல் எழுந்து அடங்கும், அரக்கோணத்து ரயில் கூவும். நான் பாதித் தூக்கத்தில், பாரிஸ் ஓவியர்கள் ஆறு பேரும் ரயிலை விட்டு இறங்குவதைப் பார்த்தேன். படச் சட்டங்களைப் பூக்காவடி மாதிரித் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார்கள். ஒருவன் நந்தியாற்று மணலில் குந்தி, தண்ணீர் இல்லாத ஆற்றில் தண்ணீரை வரைந்துகொண்டிருந்தான். தண்ணி ஏது என்று கேட்டேன். வெளிச்சம் இருக்கிறதே, போதாதா என்றான். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. இப்போதும் அந்த ஆற்றைத் தாண்டும்போது எனக்குத் தண்ணீர் தெரிகிறது.

அந்த நாட்களில் பயம் இல்லாமல் இல்லை. கட்டை அவிழ்க்கும்போது ஒன்றுமே தெரியாவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு திடீரென்று வரும். அப்போது கட்டிலின் விளிம்பைத் தடவுவேன். எஸ்தர் இருந்தால் அவள் கை அங்கே இருக்கும். அவள் இல்லாத நேரத்தில், பிடித்துக்கொள்ள என்று தன் பழைய சேலையைச் சுருட்டி அங்கே கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

ஆறாம் நாள் மத்தியானம். கதையில் வயதான ஓவியன் ஒருவன் வந்தான். அவனுக்குக் கண் மங்குகிறது என்று சொல்லிவிட்டு எஸ்தர் நின்றுவிட்டாள். பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு பக்கம், அதற்குப் பிறகு இன்னொன்று.

"இன்னா எஸ்தரு, நின்னுட்ட?"

"தொண்டை கட்டிகிச்சு" என்றாள். தண்ணீர் குடித்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

கண் மங்கிய கிழவனுக்குப் படத்தின் மூலையில் தன் பெயரை எழுத முடியவில்லை. வாங்க வந்த மில் முதலாளி, கையெழுத்து இல்லாத படம் செல்லாது என்கிறார். கடைசியில் பாரிஸ் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசிலிருந்து ஒரு ரேகை குமாஸ்தா மைப்பெட்டியும் உருளையுமாக வருகிறார். கிழவனின் விரலைப் பார்த்தால் பத்து விரலிலும் பத்து நிறம். கறுப்பு மையில்தான் எடுக்கணும், அதுதான் ரூல் என்கிறார் குமாஸ்தா. நாற்பது வருஷமா நான் கறுப்பையே தொட்டது கிடையாது, வெயிலில் கறுப்பு எங்கே இருக்கு காட்டு என்கிறான் கிழவன். இருவரும் சாயங்காலம் வரை சண்டை போடுகிறார்கள். பொழுது சாய்கிறது. சரி, நீர்தான் இன்னார் என்று அடையாளம் காட்ட இரண்டு சாட்சியைக் கூப்பிடும் என்கிறார் குமாஸ்தா. கிழவனின் சிநேகிதர்களான ஓவியர்கள் எல்லோரும் வரிசையாக வந்து நிற்கிறார்கள். முதல் ஆள் கிழவனை உற்றுப் பார்க்கிறான்.

"காலையில பாத்தப்போ இவரு மஞ்சளா இருந்தாரு. இப்போ ஊதாவா இருக்காரு. ஒரே ஆளுதான்னு நான் எப்பிடி சத்தியம் பண்றது?" என்றாள் எஸ்தர், அந்த ஓவியனாக, அதே வேதாகமக் குரலில்.

ஸ்டாம்பு சட்டம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. சிரித்துவிட்டேன். சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிறு குலுங்கி, மார்பு குலுங்கி, மணல் மூட்டை நகர்ந்து விழும்படி சிரித்தேன். முனுசாமியும் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பின் நடுவில் கண்ணுக்குள்ளே ஊசி இறங்கியது போல ஒரு வலி. பிறகு கட்டுக்குள்ளே வெதுவெதுப்பாக எதுவோ பரவியது.

"எஸ்தரு" என்றேன். அவள் ஓடும் சத்தம் கேட்டது.

டாக்டரம்மா வந்து கட்டைத் தூக்கி விளக்கு அடித்துப் பார்த்தார். எனக்குத் தெரிந்தது வெறும் சிவப்பு. கண்ணின் முன் அறையில் ரத்தம் நின்றுவிட்டது, அது தானாகக் கரைய வேண்டும், கரைந்தால் உண்டு, கரையாவிட்டால் இல்லை, இன்னும் பத்து நாள் கழித்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். அவர் குரலில் கோபம் இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுபடி கட்டு. மறுபடி மணல் மூட்டை.

அதன் பிறகு எஸ்தர் புத்தகத்தைத் தொடவில்லை. வருவாள், கஞ்சி ஊற்றுவாள், முகம் துடைப்பாள், போவாள். வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றைச் சொல்லேன் என்றால் சொல்வாள், பாதியில் குரல் நின்றுவிடும். என் மேல் கோபம் என்று நினைத்தேன். அத்தனை தடவை சொல்லியும் சிரித்தவன் நான்தானே. அந்தப் பத்து நாளில் நிறங்கள்கூட வரவில்லை. ஓவியர்கள் எந்த ரயிலிலும் வந்து இறங்கவில்லை.

அந்தப் பத்தில் ஒன்பதாம் நாள் காலையில் முனுசாமிக்குக் கால் ஆறி வீட்டுக்கு அனுப்பினார்கள். சொல்லிக்கொள்ள வந்தவர் என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ரைட்டரே, உங்க ஊட்டம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. அது நல்லதுக்குத்தான் செஞ்சிச்சு."

"இன்னா செஞ்சா?"

"அன்னைக்கு அந்தக் கெழவன் கதைய சொன்னப்போ புஸ்தகத்த மூடி மடியில வெச்சிகிச்சு. சன்னலப் பாத்துகினேதான் சொல்லிச்சு. எனக்குக் காலுதானே புண்ணு, கண்ணு நல்லாத்தானே இருக்குது. நான் பாத்துகினுதானே இருந்தேன்."

அவர் போன பிறகு நான் யோசித்துக்கொண்டே கிடந்தேன். பாரிசில் ஏது சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ்? அடையாளச் சாட்சி என்கிற வார்த்தை அந்தப் புத்தகத்தில் எப்படி வரும்? சிரிக்கிற அவசரத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை. இருபது வருஷமாக என்னோடு ஒரே பாயில் படுத்திருக்கிற இவளுக்கு இப்படியெல்லாம் சொல்ல வரும் என்று எனக்குத் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

மத்தியானம் அவள் வந்ததும் கேட்டுவிட்டேன். "அந்த எடம் புஸ்தகத்துல இல்லியா?"

கிண்ணம் மேஜையில் வைக்கப்படும் சத்தம்.

"இல்ல பாவா."

"புஸ்தகத்துல இன்னாதான் இருக்குது?"

"அந்தக் கெழவனுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்றாங்க. கண்ணு போயிடுது. அதையும் அந்த ஆளு வேடிக்கையா எழுதிகினு போறான். உங்களாண்ட அத்த எப்பிடி சொல்றது? வாயே வரல. ஏதாவது சொல்லி ஓட்டிடலாம்னு பாத்தேன். ரேகை எப்போ வரும்னு நீங்களும் காத்துகினு இருப்பீங்களே, அதையாவது வர வெப்போம்னு..." கிண்ணத்தை எடுத்து மறுபடி மேஜையிலேயே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்க கண்ண நானே எடுத்துட்டேன்" என்றாள்.

சிரிக்காத டீச்சர் அழுவது எனக்குக் கேட்டது. கட்டிலின் விளிம்பைத் தடவினேன். அவள் கை அங்கே இல்லை. அன்றைக்குப் போல நான் என்றுமே என் மேல் கோபப்பட்டதில்லை.

"எஸ்தரு, கேளு. அந்தப் புஸ்தகத்துக்கும் ரேகைக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. மொத நாளே எனக்குத் தெரியும்."

"அப்போ வரும் வரும்னு என்னாத்துக்கு சொன்னீங்க?"

"தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. உனக்குத் தெரியாதா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அஞ்சு நாளா எந்தப் பக்கத்துல வரும் எந்தப் பக்கத்துலன்னு நான் தேடிகினு இருந்தேன்" என்றாள். அதில் கோபமும் இருந்தது, மனம் கொஞ்சம் லேசானதும் தெரிந்தது. பிறகு கஞ்சி ஆறிவிட்டது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள்.

பத்தாம் நாள் காலை பத்து மணிக்குக் கட்டை அவிழ்த்தார்கள். பஞ்சை வெந்நீரில் நனைத்து இமையைத் துடைத்தார்கள். கண்ணைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டரம்மா அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

திறந்தேன்.

முதலில் நீலம். அவ்வளவு நீலத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெளுத்த வில்லை போய்விட்டால் நீலம் அதிகமாகத்தான் தெரியும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். நீலத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று அசைந்தது. எதற்கும் ஓரம் இல்லை. எதற்கும் கோடு இல்லை. எல்லாம் நிறமாக நின்றது. ஆற்றில் கண்ணாடியைப் போட்டுவிட்டு அந்த ஆறு பேர் திரும்பிப் பார்த்தபோது இப்படித்தான் இருந்திருக்கும்.

முகத்துக்கு முன்னால் ஏதோ வந்தது. "எத்தனை வேள்ளு?" என்றார் டாக்டரம்மா. எத்தனை விரல் என்று கேட்கிறார்.

"மூணு."

"இப்புடு?"

"ஒண்ணு. பெருவிரல். எடது கை."

டாக்டரம்மா ஏதோ இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டு என் தலையைத் தடவினார். ரத்தம் கரைந்துவிட்டது, ஆறு வாரத்தில் கண்ணாடி எழுதித் தருகிறேன், அதற்குப் பிறகு கோடெல்லாம் தெரியும், ஆபீசுக்குப் போகலாம் என்றார். நாற்காலியை அதுவரை வைத்திருப்பதாக அதிகாரி ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்.

எல்லோரும் போன பிறகு எஸ்தர் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். மாநிறமாக ஒரு திட்டு, அதைச் சுற்றி வெள்ளைச் சேலை, ஜன்னல் பக்கம் கொஞ்சம் மஞ்சள்.

"நான் தெரியறனா பாவா?"

"தெரியற. மூக்கு எங்க இருக்குதுன்னுதான் தெரியல."

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். "நெஜமா அதுல இன்னா இருக்குதோ அத்தையே படிக்கறேன். இனிமே ஒரு எழுத்து மாத்த மாட்டேன்" என்றாள்.

"அது கெடக்கட்டும். நீ சொன்னியே, அத்த சொல்லு. அந்தப் பசங்க யாரும் சத்தியம் பண்ணல இல்ல? அப்புறம் கெழவனுக்கு அடையாளம் காட்ட யாருதான் வந்தாங்க?"

அவள் புத்தகத்தை மூடினாள். அந்த மாநிறத் திட்டு ஜன்னல் பக்கம் திரும்பியது.

"அவன் பொண்டாட்டி வந்தா."

"எங்க ஆபீசுல பொண்டாட்டி சாட்சிய எடுத்துக்க மாட்டாங்க."

"பாரிஸ்ல எடுத்துப்பாங்க பாவா" என்றாள்.